தண்ணீர் வரிசை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையிலும் முன்வரிசையிலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அமரர் கலாநிதி ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களின் துணைவியார் தவமணிதேவி அம்மா அவர்களே, பலாபத்வலையிலிருந்தும் இரத்தோட்டையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மிளகுத் தோட்டக்காரர்களே, மண்டபத்தில் இடமில்லாமல் வாசலில் குடையோடு நிற்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

என் பெயர் ஜைனுதீன். அமரர் அவர்களின் ஆய்வுகூடத்தில் அவருக்குக் கீழே இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவன். கீழே என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. இருந்திருந்தால், "பக்கத்தில எண்டு சொல்லும் ஐசே" என்று இந்நேரம் திருத்தியிருப்பார்; என்னை அவர் கூப்பிடுவது ஐசே என்றுதான். நல்லது, பக்கத்தில் வேலை செய்தவன்.

எனக்கு ஒரு குறை உண்டு. பேச எழுந்தால் நடுவில் கனவு கண்டவன் போல எங்கேயாவது போய்விடுவேன். வெளியே முகில் இறங்கி நிற்கிறது. மழைக்கு முந்திய அந்த வெளிச்சம் யன்னல் வழியே வருகிறது. அதைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். தலைவர் அவர்கள் மணி அடித்து எழுப்பினால் கோபிக்க மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்க முடியாது. அவருடைய வேலையில் ஒரு மாரி மிச்சமிருக்கிறது. இரண்டு மாரி முடிந்துவிட்டது. மூன்றாவது இதோ வரப்போகிறது. அது ஒழுங்காக நடந்தால் அவர் இத்தனை வருடம் சொன்னது நிரூபணமாகும். வாடல் நோய் பிடித்த மிளகுத் தோட்டங்களை வெட்டி எரிக்காமல் காப்பாற்ற இந்த ஊருக்கு ஒரு வழி கிடைக்கும். நடக்காவிட்டால் இரண்டு மாரியின் வேலையும் குப்பைக்குப் போகும். அது நடக்குமா என்பதுதான் அவர் கண்மூடிய நாளிலிருந்து என் கவலை.

யார் இந்த ஸ்ரீஸ்கந்தராஜா? வடமராட்சியில் பிறந்தவர். எழுபதுகளின் கடைசியில் அரசாங்க வேலை கிடைத்து ஒரு தகரப் பெட்டியோடு மாத்தளைக்கு வந்தவர். வடக்கிலிருந்து வரும் உத்தியோகத்தர்கள் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு ஊருக்கு மாற்றம் கேட்பதுதான் வழக்கம். அவர் கேட்கவில்லை. போர் வந்து நாடு கெட்ட பிறகு கொழும்புக்கும் கனடாவுக்கும் போன சொந்தக்காரர்கள் அவரையும் கூப்பிட்டார்கள். அப்போதும் அவர் போகவில்லை. ஏன் சேர் என்று ஒருமுறை கேட்டேன். "மிளகு அங்க வராது" என்றார். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நோய்க்கு என்ன மருந்து என்று எல்லாரும் கேட்டார்கள். தனக்கு நோய் வருகிறது என்று ஒரு செடிக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். எத்தனை பேர் அப்படிக் கேட்டிருப்போம்? நமக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது, இரத்தத்தோடு உடம்பு முழுக்க ஓடித் திரிந்து காவல் பார்க்கும் வெள்ளைக் கலங்கள் இருக்கின்றன. செடிக்கு என்ன இருக்கிறது? நட்ட இடத்தில் நிற்கிறது, நனைகிறது, காய்கிறது. அதற்கு யார் சொல்வார்கள், இதோ ஒரு பங்கசு, ஒரு பூஞ்சணம், உன் வேரடிக்கு வந்துவிட்டது என்று?

இதை அவர் எனக்கு விளங்கப்படுத்தியது வகுப்பில் அல்ல, ரிவர்ஸ்டன் மலையில். ஏலக்காய் இலை சேகரிக்கப் போயிருந்தோம். முகில் வந்து மூடியது. எங்கள் ஊராருக்கு நான் சொல்லத் தேவையில்லை, அங்கே முகில் மூடினால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அவர் இரண்டு அடி தள்ளி நிற்கிறார், குரல் மட்டும் வருகிறது.

"ஜைனுதீன், அசையாமல் நில்லும். இப்ப நீர் ஒரு கலம், செடியின்ர உடம்பில ஒரு செல்."

"சரி சேர்."

"உமக்குக் கண் இல்லை. நடக்கேலாது. ஆரோ வாறான். எப்பிடி அறிவீர்?"

எனக்குக் குளிர். போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது மெல்ல ஒரு பீடி மணம் வந்தது. ஆளைக் காணவில்லை, காலடிச் சத்தம் இல்லை, மணம் மட்டும் எங்களைச் சுற்றிக் கொண்டு நின்றது.

"பாத்தீரோ" என்றார். "ஆளை முழுசாத் தெரிய வேண்டாம். அவன் விடேலாத ஒண்டு போதும்."

பிறகு முகிலுக்குள்ளிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி விறகுக்கட்டோடு வந்து, நாங்கள் இரண்டு பேரும் சிலை போல நிற்பதைப் பார்த்துப் பயந்து, "என்னங்க, வழி தவறிட்டீங்களா?" என்று கேட்டார். சேர் அவருக்கு நன்றி சொன்னார். எதற்கு நன்றி என்று அந்த மனிதருக்கு இன்று வரைக்கும் தெரியாது.

சபையோரே, விஷயம் அவ்வளவுதான். செடியின் ஒவ்வொரு கலத்தையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வில் சில புரதங்கள் குத்தி நிற்கின்றன, ஒரு முனை வெளியே, ஒரு முனை உள்ளே. பாடப்புத்தகத்தில் வாங்கி என்று எழுதுவோம். வெளியே இருக்கும் முனை ஒரு துணுக்குக்காகக் காத்திருக்கிறது. பற்றீரியாவாக இருந்தால் அது நீந்துகிற வாலின் ஒரு துணுக்கு. பங்கசாக இருந்தால் அதன் சுவரின் ஒரு துணுக்கு, கைற்றின் என்ற பொருள். நுண்ணங்கி எதை மாற்றி வேஷம் போட்டாலும் இதை லேசில் மாற்ற முடியாது. வாலை விட்டால் நீந்த முடியாது, சுவரை விட்டால் நிற்க முடியாது. அந்தத் துணுக்கு வந்து ஒட்டியதும் வாங்கி பக்கத்திலிருக்கும் இன்னொன்றைக் கூட்டுச் சேர்க்கும். உள்ளே இருக்கும் முனை விழிக்கும். கல்சியத்துக்கு வாசல் திறக்கும். கையிலிருந்து கைக்கு வாளி மாறுகிற மாதிரி ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குச் சேதி போய்ப் போய்க் கலத்தின் கருவுக்குள் நுழையும். அங்கே மூடியிருந்த பரம்பரையலகுகள் திறக்கும். சுவர் தடிக்கும், இலைவாய் மூடும், நோய்க்கு ஆகாத பொருள்கள் ஊறத் தொடங்கும். இவ்வளவும் நீங்கள் தோட்டத்தில் நின்று வெற்றிலை போட்டுத் துப்பி முடிப்பதற்குள் தொடங்கிவிடும். வெளியே பார்த்தால் ஓர் இலையும் அசைந்திருக்காது.

இதைச் சொல்லும்போது அவருடைய கண் பாதி மூடியிருக்கும். எல்லாரும் அப்போது நோயைத் தடுக்கும் இந்த நிர்ப்பீடனத்தைப் படை, எதிரி, காவலரண் என்றுதான் எழுதினார்கள். பத்திரிகை முழுக்க அந்தச் சொற்கள்தானே. அவர் தன்னுடைய ஒரு வரியிலும் அப்படி எழுதவில்லை. "சண்டை இல்லை ஐசே, கேட்கிறது" என்பார். நெல்லில் கைற்றினைப் பிடிக்கும் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வெளிநாட்டு நண்பர் கட்டுரையை அனுப்பிய அன்று ஆய்வுகூடத்துக்கு லட்டு வாங்கி வந்தார். கல்யாணமா சேர் என்று காவலாளி கேட்டார். "நெல்லுக்குக் காது இருக்குதாம்" என்று இரண்டு லட்டைக் கையில் வைத்தார். அன்றிலிருந்து காவலாளி அவரைக் கொஞ்சம் கவனமாகத்தான் பார்த்தார்.

இனி இறால் கதைக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள், தவமணிதேவி அம்மாவே சிரிக்கிறார். சேர் சுத்த சைவம். முட்டை வெட்டிய கத்தியால் தக்காளி வெட்டினாலும் சாப்பிட மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கருவாட்டுக் கடை பலீல் நானாவிடம் போய், கழித்துப் போடுகிற இறால் கோதை, அந்த மேலோட்டையெல்லாம் தனக்குத் தரும்படி கேட்டார். பலீல் நானா நல்ல மனிதர். ஐயா ரகசியமாக இறாலுக்கு ஆசைப்பட்டு, கேட்க வெட்கப்பட்டுக் கோதைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். கோதுக்குள்ளே நல்ல இறாலாகப் பார்த்து ஒரு பை ஒளித்து வைத்துக் கொடுத்தார். வீட்டில் பையைத் திறந்த அம்மாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு வீட்டுக் கொல்லையில் கோது காய்ந்தது, இடிபட்டது, சோடாக் காரத்தில் வெந்தது, வினாகிரியில் கரைந்தது. உத்தியோகத்தர் விடுதி முழுக்க மூக்கைப் பொத்தியது. இறால் ஐயர் என்று பெயரும் வந்தது. அவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எதற்காக இந்தப் பாடு? இறாலின் கோதும் பங்கசின் சுவரும் ஒரே பொருளால் ஆனவை. அந்தக் கோதைச் சிறு துணுக்காக்கிக் கரைத்து மிளகுக் கொடிக்குக் கொடுத்தால், கொடியின் வாங்கி அதைத் தொட்டுவிட்டுப் பங்கசு வந்துவிட்டது என்று எண்ணும். சேதி உள்ளே போகும், சுவர் தடிக்கும். பிறகு மழையோடு உண்மையான வாடல் பங்கசு வேரடிக்கு வரும்போது கொடி விழித்திருக்கும். நஞ்சு தெளிக்க வேண்டாம், தோட்டத்தை வெட்ட வேண்டாம். அப்படித்தான் அவர் எதிர்பார்த்தார். ஆனால் எதிர்பார்ப்பு வேறு, நிரூபணம் வேறு. அதில் அவரைப் போலப் பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை.

நிரூபிப்பது எப்படி? அங்கேதான் தண்ணீர் வரிசை வருகிறது. இறால் நீர் குடித்த கொடி பிழைத்தால், அது இறால் நீரால் பிழைத்ததா, சும்மா பிழைத்ததா? தெரிய வேண்டுமென்றால், பக்கத்தில் அதே மண்ணில், அதே வயதில், அதே அளவு வெறும் தண்ணீர் மட்டும் குடித்த ஒரு வரிசை நிற்க வேண்டும். நோய் வரும்போது அந்த வரிசையை யாரும் காப்பாற்றக் கூடாது. வாடினால் வாட விட வேண்டும். பலாபத்வலைக்கு உள்ளே வயலைத் தாண்டி ஏறுகிற மேட்டில் நோனா ராத்தாவின் மிளகுத் தோட்டம் இருக்கிறது. எனக்கு மூத்த சகோதரி முறை. கணவர் இறந்த பிறகு தனியாக அந்தத் தோட்டத்தைப் பார்க்கிறவர். சுற்றிலும் நோய் வந்துவிட்டது, தன் கொடிகளும் போய்விடும் என்ற பயத்தில் அவர் முதலாவதாகச் சம்மதித்தார். மூன்று வரிசைக்கு இறால் நீர், ஒரு வரிசைக்குத் தண்ணீர். பீப்பாயை அவருடைய கொட்டிலில் இறக்கி வைத்துவிட்டு, அளவையும் காட்டிவிட்டு வந்தோம்.

அந்த மாரி முடிந்தது. போய்ப் பார்த்தால் நான்கு வரிசையும் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. நான் துள்ளினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மேலிடத்தில் கேட்டார்கள், உங்கள் இறால் நீருக்கும் வெறும் தண்ணீருக்கும் என்ன வித்தியாசம் என்று. வித்தியாசம் இல்லைதான். இத்தனை வருடத்துக் கனவும் அந்த ஒரு கேள்வியில் தரையில் கிடந்தது.

ஆனால் அவருக்கு ஏதோ உறுத்தியது. தண்ணீர் வரிசையிலிருந்து சில இலைகளைக் கிள்ளிக் கண்டியில் ஒரு நண்பரின் நுணுக்குக்காட்டிக்குக் கொண்டு போனோம். சாயமேற்றி, அறையை இருட்டாக்கி, ஒருவகை நீல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அச்சமில்லாத இலை அதில் வெறும் இருட்டாகத் தெரியும். சேதி கேட்டுச் சுவரைத் தடிப்பாக்கிய இலையில் அந்த இடங்கள் சின்னச் சின்னதாக மின்னும். அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். வானம் முழுக்க நட்சத்திரம். இன்றைக்கும் எனக்குக் கனவில் வரும் அந்தக் காட்சி. இலைக்குள்ளே அத்தனை வெளிச்சம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

"வெறும் தண்ணி குடிச்ச இலைக்கு ஏன் இந்தப் பயம்?" என்று அவர் மட்டும் மெல்லக் கேட்டார்.

அடுத்த நாள் தோட்டத்துக்குப் போனோம். இறால் நீர் வரிசைகளில் படுப்பது போலவே தண்ணீர் வரிசையின் அடியிலும் ஊர்ப் பூனைகள் படுத்திருந்தன. நோனா ராத்தா தேத்தண்ணீர் கொண்டு வந்தார். இதைச் சொல்ல எனக்கு அனுமதி உண்டு. ராத்தா அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், நேற்று அவரே, "மறைக்காம சொல்லுங்க" என்று சொன்னார்.

சேர் கேட்டார், "இந்த வரிசைக்கு என்ன ஊத்தினீங்கள்?"

"தண்ணிதான் சேர்."

"வேற ஒண்டும் இல்லையோ?"

"தண்ணிக்குள்ள கொஞ்சம் அதுவும்."

"எவ்வளவு?"

"மத்த வரிசைக்கு ஊத்தின அளவுதான் சேர். கூட ஊத்தல்ல. அநியாயம் செய்ய ஏலாதே."

எனக்குத் தலையில் கை போனது. ராத்தா அழத் தொடங்கிவிட்டார். "கந்தூரிக்குச் சோறு ஆக்கினா, வந்த ஆளுகள்ல ஒருத்தர மட்டும் பசியோட அனுப்புவோமா? மூணு வரிசைக்கு மருந்து, ஒரு வரிசைக்குப் பச்சத் தண்ணி. அதுகளும் நான் நட்டதுதானே. காலையில போனா அந்த வரிசை என்னயே பாக்கிற மாதிரி இருக்கு. அல்லாஹ்வுக்கு நான் என்ன பதில் சொல்லுற?"

சேர் ஒரு கல்லில் உட்கார்ந்து தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. "நீங்கள் செய்தது சரி அம்மா" என்றார். "இதை நான் உங்களிட்டக் கேட்டிருக்கக் கூடாது." மேலிடத்துக்கும் அப்படியே சொன்னார், ஆய்வு கெட்டது என் ஏற்பாட்டில் இருந்த பிழையால் என்று. ராத்தாவின் பெயரை எங்கும் எடுக்கவில்லை. எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்? நான் செய்திருக்க மாட்டேன் என்பதை உங்கள் முன் சொல்லிவிடுகிறேன்.

பிறகு என்ன செய்தார் தெரியுமா? அவருடைய விடுதி வளவில், கல்யாணம் முடித்த புதிதில் அவரும் அம்மாவும் நட்ட மிளகுக் கொடிகள் கிளிரிசீடியா மரங்களில் ஏறித் தென்னை உயரத்துக்கு நின்றன. வருடா வருடம் அந்த மிளகில் அம்மா தங்கைமாருக்கெல்லாம் பொதி கட்டி அனுப்புவார். அந்தக் கொடிகளின் அடியில் நோய்த் தோட்டத்து மண்ணைத் தன் கையாலேயே கொண்டு வந்து போட்டார். அரைவாசிக்கு இறால் நீர், அரைவாசிக்குத் தண்ணீர். மழை வந்தது. தண்ணீர் குடித்த கொடிகள் மஞ்சளாகி, இலை இலையாகக் கழன்று, கணுக் கணுவாக உதிர்ந்தன. மற்ற அரைவாசி நின்றது. அடுத்த மாரிக்கு மிச்சத்தில் இன்னோர் அரைவாசி. கணக்கில் நின்ற இரண்டு மாரி இவைதான்; மூன்று மாரி ஒரே முடிவு வந்தால்தான் நிரூபணம் என்பது அவர் விதி. மழை பெய்துகொண்டிருக்கும்போது அவர் யன்னலில் நின்று அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். விடுதிக் கொட்டிலில் இன்னொரு பீப்பாய் நிரம்ப மருந்து இருந்தது. ஒரு கோப்பை ஊற்றினால் பிழைத்திருக்கும். அவர் ஊற்றவில்லை.

"இந்த மனுசன் தன்ர கொடியைத் தானே சாகக் குடுக்குது" என்று அம்மா என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகவும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் வலித்தது, அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு நாள். என் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் போகிறோம். பலாபத்வலைக்குக் கிட்ட ஒரு சோதனைச்சாவடி. அவருடைய பையில் வெள்ளைத் தூள் ஒரு பொதி, வினாகிரிப் போத்தல் ஒன்று. அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கு. நான் மனதுக்குள் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டேன். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்கள். இறால் கோது என்று அவரும் நல்ல சிங்களத்தில் சொன்னார். யார் நம்புவார்கள்? எங்களைத் தகரக் கொட்டிலுக்குள் உட்கார வைத்தார்கள். வெயில் ஏறி இறங்கியது. பின்னேரம் ஓர் அதிகாரி வந்தார். தூளை முகர்ந்தார். சேர் அவருக்கு வாங்கியைப் பற்றி, துணுக்கைப் பற்றி, மிளகைப் பற்றி விளங்கப்படுத்தினார், ரிவர்ஸ்டனில் எனக்குச் சொன்ன அதே பொறுமையோடு. அந்த மனிதரின் முகம் மெல்ல மாறியது. தன் வீடு பல்லேகமவில் என்றார். வீட்டுக் கொடிகளும் வாடுகின்றன, இந்தத் தூளில் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டார்.

நான் நினைத்தேன், தப்பித்தோம். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சேர் சொன்னார், "இது இன்னும் நிரூபணமாகவில்லை. நிரூபணமாகாததை நான் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. இன்னும் ஒரு மாரி பொறுங்கள்."

மேசைக்கு அடியில் அவருடைய காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். அந்த அதிகாரி பொதியைத் திரும்பக் கட்டி அவர் கையில் கொடுத்து அனுப்பினார். சந்தி தாண்டியதும் எனக்குக் கோபம் வந்தது. செடிக்குக்கூட யார் என்று தொட்டுப் பார்த்துத் தெரிகிறதே, இவர்களுக்குத் தெரியவில்லையே சேர் என்று கத்தினேன்.

"செடியும் பிழை விடும் ஐசே" என்றார் பின்னாலிருந்து. "நாங்கள் அதுக்குக் குடுக்கிறது பொய்தானே. இறாலைக் காட்டிப் பங்கசு எண்டு ஏமாத்துறம். அதுதான் அளவாக் குடுக்க வேணும். எந்நேரமும் பயந்துகொண்டு நிக்கிற கொடி வளராது, காய்க்காது." கொஞ்ச தூரம் போன பிறகு, "பாவம் அந்தப் பெடியன்களும்" என்றார்.

இந்த நோன்பு மாதத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று சாய்ந்தவர் எழும்பவில்லை. வடக்குப் பாதை மூடிக் கிடக்கிறது. அவர் கூடப்பிறந்த ஒருவரும் வந்து முகம் பார்க்க முடியவில்லை. இந்த ஊர்தான் அவரைத் தூக்கியது. மாத்தளைச் சுடலையில் தீ மூட்டியபோது நான் ஓரமாக நின்று, இனி யார் என்னை ஐசே என்று கூப்பிடுவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

பிறகுதான் மழை ஞாபகம் வந்தது. மூன்றாவது மாரி. விடுதியை அடுத்த மாதம் விட்டுக்கொடுக்க வேண்டும். வளவில் மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று கொடிகள். அது ஆய்வுக்குப் போதாது. இறால் நீர் ஊற்ற எல்லாத் தோட்டக்காரரும் தயார். ஆனால் தண்ணீர் வரிசையை யார் தருவார்? எனக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலம்கூட இல்லை. தோட்டம் தோட்டமாக ஏறினேன். இங்கே இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. மிளகு விற்கிற விலைக்கு, காய்க்கிற கொடியைச் சாகக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? தலையைக் குனிந்து நின்றார்கள். நானும் குனிந்துகொண்டு இறங்கினேன். சென்ற வெள்ளிக்கிழமை வரை என்னிடம் ஒரு வரிசையும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் நோனா ராத்தா. அவரிடம் மட்டும் நான் போகவில்லை. போக எனக்கு மனமில்லை. அவர் உட்காரக்கூட இல்லை.

"என்ட தெக்குப் பக்கத்து வரிசைய எடுங்க" என்றார்.

"ராத்தா, அதுதான் கூடக் காய்க்கிற வரிசை."

"தெரியும். காய்க்காத வரிசையக் குடுத்தா உங்கட ஆய்வு சரிவருமா?"

"வாடும் ராத்தா. உங்க கண்ணுக்கு முன்னாலயே வாடும். தாங்குவீங்களா?"

"தாங்க மாட்டேன். அதனாலதான் வந்தேன். என்ட கொட்டில்ல இருக்கிற அந்த இறால் பீப்பாய இன்டைக்கே உங்க வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க. மத்த வரிசைக்கு ஊத்துற நாளைக்கு நீங்களே கொண்டு வந்து ஊத்திட்டு, மிச்சத்தத் திரும்பக் கொண்டு போங்க. எனக்கு என்னயே நம்ப ஏலாது." போகத் திரும்பியவர் நின்றார். "அவர் தன்ட கொடியச் சாகக் குடுத்தாரே. அது என்ட பாவத்துக்குத்தானே. அத எவ்வளவு நாளைக்கு நான் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிற?"

சபையோரே, பீப்பாய் இப்போது என் வீட்டில் பூட்டிக் கிடக்கிறது. அமரர் கலாநிதி ஸ்ரீஸ்கந்தராஜாவின் பெயரால் நாங்கள் செய்யும் உறுதி வேறொன்றும் இல்லை. மூன்றாவது மாரி நடக்கும். அளவு தவறாது. வருகிற முடிவு அவர் நினைத்ததாக இருந்தாலும், இல்லாவிட்டாலும், உள்ளது உள்ளபடி சொல்வோம். சரிவந்தால் பலாபத்வலைக்கும் சொல்வோம், பல்லேகமவுக்கும் சொல்வோம், பாதை திறக்கும் நாளில் வடக்குக்கும் கொண்டு போவோம்.

தவமணிதேவி அம்மா, வெளியே தூறத் தொடங்கிவிட்டது. நாளைக் காலை நோனா ராத்தா வாளியோடு அந்த வரிசைக்குப் போவார். வெறும் தண்ணீர்தான் ஊற்றுவார். அழுதுகொண்டுதான் ஊற்றுவார். நாங்கள் எல்லாரும் பக்கத்தில் நிற்போம், ஒருவரும் கைகொடுக்க மாட்டோம்.